பழுதாகி நின்ற பேருந்தை மிலிட்டரி லாரியால் கட்டி இழுக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சாலைகளில் பேருந்து ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால், அதை எடுக்க வரும் ரெக்கவரி வண்டிகளுள் ராணுவத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்தில் வெளிவந்த லாரிகளும் உண்டு. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் உருவான சக்திமானும், அதன் பின் வந்த அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் இவ்வகையில் பெயர் பெற்றவை. இத்தகைய லாரியை வாங்கிப் புதிதாக இத்தொழிலில் இறங்குவோருக்கும், தம் பேருந்து எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அருகில் நின்று கவனிக்க வேண்டிய உரிமையாளருக்கும் இக்குறிப்பு பயன்படும். மிலிட்டரி வண்டி என்றதும் அதன் இழுவைத் திறனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தார்ச் சாலையில் ஒரு பேருந்தை நகர்த்துவதற்குப் பெரிய திறன் எதுவும் தேவையில்லை. நகரத் தொடங்கிய பேருந்தை, தருமபுரி–சேலம் சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதுதான் இவ்வேலையின் கடினமான பகுதி. ஆகவே இங்கே இழுப்பதைவிடப் பிரேக்கைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

லாரியைப் பற்றி

காலியாக உள்ள ஒரு சாதாரணப் பேருந்து ஏறத்தாழ 10 டன் எடையுள்ளது. சமதளமான தார்ச் சாலையில் அதை உருட்டிச் செல்ல எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுவிசை போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் இதனுடன் இன்னும் 500 கிலோ சேரும். இவ்வளவையும் எந்த லாரியும் தாங்கும். அப்படியிருக்க மிலிட்டரி லாரியை நாடுவதற்குக் காரணங்கள் வேறு: சேஸிஸின் முன்னும் பின்னும் இழுப்பதற்கென்றே பொருத்தப்பட்ட உறுதியான கொக்கிகள், முன் சக்கரங்களையும் சேர்த்து ஓட்டும் வசதி, தரையிலிருந்து நல்ல உயரம், எஞ்சின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பகிரும் டிரான்ஸ்பர் கேஸில் கிடைக்கும் லோ கியர் ஆகியவை அதில் ஒருங்கே அமைந்திருக்கின்றன. ஸ்டாலியனைச் சாலையில் ஏழரை டன்னும் காட்டுவழியில் ஐந்து டன்னும் ஏற்றிச் செல்லும் வண்டியாகவே வடிவமைத்தார்கள்.

அந்தச் சுமைக்கேற்ற எடை லாரியின் மேல் இருந்தால்தான் இவ்வசதிகள் முழுப் பயன் தரும். காலி லாரியின் சக்கரங்கள் தரையைப் போதுமான அளவு பற்றுவதில்லை. இறக்கத்தில் தன்னைவிட எடை கூடிய பேருந்து பின்னாலிருந்து தள்ளும்போது லாரியின் பிரேக் நன்றாகப் பிடித்தும் டயர் வழுக்கிக்கொண்டே போகும். எனவே பின் பாடியில் மணல் மூட்டைகளையோ இரும்புப் பாளங்களையோ ஏற்றி, லாரியின் மொத்த எடை பேருந்தின் எடைக்குக் குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டுவதும் அவசியம். முன் ஆக்சிலைத் தனியே சேர்த்துவிடும் வகை வண்டிகளில், சேற்றிலும் மண் பாதையிலும் மட்டுமே அதைச் சேர்க்க வேண்டும். உலர்ந்த தார்ச் சாலையில் சேர்த்தபடியே திருப்பங்களில் ஓட்டினால் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கேறிக் கெடும்.

ஏலத்தில் எடுத்த வண்டியைப் பச்சை நிறத்திலேயே ஓட்டினால் கெத்தாக இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ராணுவத்தின் ஆலிவ் பச்சையை மற்ற வண்டிகளுக்குப் பூசக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆவது விதி கூறுகிறது. மஞ்சளோ சிவப்போ பூசி, ஆர்.சி. புத்தகத்தையும் தொழிலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வதே முறை. நடுச்சாலையில் நின்று வேலை செய்யும் வண்டிக்கு மஞ்சள் நிறம் இன்னொரு பாதுகாப்பும் ஆகும்.

போய்ச் சேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை

பயணிகளை முதலில் இறக்க வேண்டும். ஐம்பத்தைந்து பேர் இறங்கினால் மூன்று டன்னுக்கு மேல் எடை குறைகிறது என்பது ஒருபுறமிருக்க, இழுக்கப்படும் பேருந்தில் ஓட்டுநரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. இறங்கியவர்களைப் பேருந்துக்கும் லாரிக்கும் இடையிலோ சாலையின் நடுத் தடுப்போரமோ நிற்கவிடாமல், இடப்புறத் தடுப்புக்கு அப்பால் அனுப்ப வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணுக்கு அழைத்து நிற்கும் இடத்தைத் தெரிவித்துவிட வேண்டும். அருகில் உள்ள காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது முட்டுக்கட்டை. பேருந்தின் இரு பக்கப் பின் சக்கரங்களுக்கும், இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில், முழு அகலத்துக்கும் கட்டை வைக்க வேண்டும். சாலையோரம் கிடக்கும் கல்லை உருட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. உருண்டைக் கல் டயரின் அழுத்தத்தில் நழுவக்கூடியது. வேலை முடிந்த பின் அதைச் சாலையிலேயே விட்டுச் செல்வதால் இரவில் வரும் இருசக்கர வண்டிக்காரர் விழுகிறார். ஆப்பு வடிவில் அறுத்த மரக்கட்டை நான்கை லாரியிலேயே வைத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கைப் பலகையைப் பேருந்தின் காலடியில் வைப்பதால் பயனில்லை. சமதளத்தில் ஐம்பது முதல் நூறு மீட்டர் பின்னால் வைக்கலாம். தொப்பூர் இறக்கத்தில் அந்தத் தூரம் போதாது; வளைவைத் தாண்டிப் பேருந்து நின்றால், வளைவு தொடங்குவதற்கு முன்பே ஒருவர் சிவப்புக் கொடியோடும் இரவில் விளக்கோடும் நிற்க வேண்டும். சுமை ஏற்றிய லாரி அந்த இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்காது.

சேற்றில் இறங்கிய பேருந்து

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி செல்லும் வழியிலோ, அரூர் பக்கத்துக் கிராமச் சாலைகளிலோ, எதிரே வரும் வண்டிக்கு வழிவிடச் சாலையை விட்டு இறங்கும் பேருந்து மழை நாளில் செம்மண்ணில் புதைந்துவிடுவது வழக்கம். இங்கேதான் உண்மையாகவே இழுவிசை தேவைப்படுகிறது. சக்கரங்கள் மட்டும் புதைந்திருந்தால் பேருந்தின் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்திருந்தால் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். ராணுவ மீட்புப் பணிகளில் கையாளப்படும் இந்தக் கணக்கின்படி, சக்கர அளவுக்குப் புதைந்த 10 டன் பேருந்துக்கு 10 டன் இழுவிசை தேவை. எட்டு டன் எடையுள்ள லாரி நான்கு சக்கரங்களாலும் உலர்ந்த தாரில் இழுத்தால் ஐந்து டன்னுக்குச் சற்று அதிகமான இழுவிசையும், ஈரச் செம்மண்ணில் நின்று இழுத்தால் அதில் ஏறத்தாழப் பாதியும்தான் கிடைக்கும். நேராகக் கட்டி இழுத்தால் லாரியும் பேருந்துக்குப் பக்கத்திலேயே புதையும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஆகவே முதலில் மண்வெட்டியை எடுக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக மண்ணை வெட்டி எடுத்து, ஆக்சில் ஹவுசிங் மண்ணில் தட்டி நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, தட்டினால் அங்கேயும் தோண்டி, ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தின் அடியில் பலகையோ கல் ஜல்லியோ நிரப்பினால், தேவையான இழுவிசை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அரை மணி நேரம் வெட்டுவதற்குச் சோம்பல்பட்டு முக்கால் நாளைத் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லாரி தார்ச் சாலையில்தான் நிற்க வேண்டும்; வயர் ரோப்பின் நீளம் அதற்கேற்ப இருக்க வேண்டும். வயரைச் சுருட்டி இழுக்கும் வின்ச் உள்ள வண்டியாக இருந்தால், வயரை நேராகக் கட்டாமல் பேருந்தின் கொக்கியில் மாட்டிய கப்பியின் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து மீண்டும் லாரியிலேயே மாட்டினால் இழுவிசை ஏறத்தாழ இரட்டிக்கும். வேகம் பாதியாகும், அதனால் நட்டம் எதுவுமில்லை.

20 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல வயர் ரோப் ஏறத்தாழ 25 டன்னில் அறும். அதில் ஐந்தில் ஒரு பங்கான 5 டன்னைத்தான் அதன் வேலைச் சுமையாகக் கொள்ள வேண்டும். இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் வயரையும், ஒருமுறை முடிச்சு விழுந்து மடங்கிய வயரையும் ஒதுக்கிவிட வேண்டும். பேருந்தின் முன்புறம் இரண்டு கொக்கிகள் இருந்து அவற்றில் இரட்டை வயர் போடும்போது, இரு வயர்களுக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் மொத்த விசையில் ஐந்தில் மூன்று பங்கைத் தாங்கும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொன்றும் முழு விசையையும் தாங்க வேண்டிவரும். இரட்டை வயர் போட்டோம் என்ற நிம்மதி அங்கே பொய்யாகிவிடுகிறது.

வயர் விறைக்கும்போது நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைக் கனமாகப் போட்டுவிட வேண்டும். அறுந்தாலும் சாட்டையாகச் சுழன்று வராமல் அது அடக்கும். வயரின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் வேடிக்கை பார்ப்பவர் யாரும் இருக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் உதவிக்கு ஓடிவந்து பேருந்தின் பின்னால் தள்ளத் தொடங்குவார்கள். அவர்களின் நல்லெண்ணத்தைப் புண்படுத்தாமல், “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வயரு அறுந்தா ஆளையே வெட்டிரும்” என்று சொல்லி விலக்கிவிட வேண்டும். லாரியை உறுமவிட்டுத் திடீரென்று வெட்டி இழுப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. லோ கியரில் மெல்ல ஊர்ந்து, தொய்வு முழுவதும் எடுபட்ட பின்பே விசை கொடுக்க வேண்டும்.

காற்று, ஆக்சில், ஸ்டீயரிங்

சாலைக்கு வந்த பேருந்தையோ சாலையிலேயே நின்ற பேருந்தையோ கட்டி இழுப்பதற்கு முன் அதன் உள்ளே செய்ய வேண்டிய வேலை மூன்று.

முதலாவது காற்று. இப்போதைய பேருந்துகளில் பின் சக்கரங்களின் பிரேக்கை வலிய ஸ்பிரிங் ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. காற்றழுத்தம்தான் அந்த ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ளிப் பிரேக்கை விடுவிக்கிறது. ஆகவே டேங்கில் காற்று இறங்கிவிட்டால் பேருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த நிலையிலேயே வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்று, லைனர் புகைந்து, டயர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த பேருந்துகள் பல. எஞ்சின் நல்ல நிலையில் இருந்து கிளட்ச் அல்லது கியர் பாக்ஸ் மட்டும் பழுது என்றால் எஞ்சினை ஓடவிட வேண்டும். காற்றும் கிடைக்கும், பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யும். எஞ்சின் ஓடாவிட்டால், லாரியின் காற்று டேங்கிலிருந்து ஓஸ் ஒன்றைப் பேருந்தின் காற்று நிரப்பும் வால்வில் இணைத்து, மீட்டரில் 5 முதல் 6 பார் ஏறும்வரை காத்திருந்து, பிறகு கைப்பிரேக் வால்வைத் தள்ளிப் பிரேக் விடுபடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த ஓஸை இழுத்துச் செல்லும் வழி முழுவதும் இணைத்தபடியே வைத்திருந்தால் பேருந்தின் கால் பிரேக்கும் உயிரோடு இருக்கும். அது திருப்பங்களில் சிக்காதபடி இரு வண்டிகளையும் இணைக்கும் இரும்புத் தண்டான டோ பாரோடு சேர்த்து இடையிடையே கட்ட வேண்டும்.

காற்று எங்கோ கசிந்து நிற்கவே நிற்காது என்ற நிலையில், அந்த ஸ்பிரிங் அடைபட்டிருக்கும் பிரேக் சேம்பரின் பின்புறத்தில் அதற்கென்று உள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிரேக்கை விடுவிக்கலாம். அப்படிச் செய்த கணம் முதல் அந்தப் பேருந்துக்குக் கைப்பிரேக் கிடையாது. முட்டுக்கட்டை ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. சேம்பரின் நடுவளையத்தைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுக்க முயல்வது உயிரைக் கொடுக்கும் செயல். உள்ளே அடைபட்டிருக்கும் விசை மனிதனின் எலும்பை முறிப்பதற்குப் பல மடங்கு அதிகம்.

இரண்டாவது ஆக்சில். கியர் பாக்ஸில் ஆயிலை வாரி இறைப்பது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் லே ஷாஃப்ட். எஞ்சின் நின்றிருக்கப் பின் சக்கரங்கள் மட்டும் சுற்றினால், அவற்றோடு சேர்ந்து சுற்றும் மெயின் ஷாஃப்ட் ஆயிலின்றி வெறுமனே சுழன்று பேரிங் எரிந்துபோகும். நியூட்ரலில்தானே போட்டிருக்கிறோம் என்பது இதற்கு விடையாகாது. முன்புறத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் தரையில் உருள்வது பின் சக்கரங்கள்தான் என்பதால் அப்போதும் இதே நிலைதான். எனவே கியர் பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டைக் கழற்ற வேண்டும், இல்லையேல் இரு பக்க ஆக்சில் ஷாஃப்ட்டுகளையும் உருவ வேண்டும். ஜாயிண்ட் என்றால் நான்கு போல்ட்டோடு வேலை முடியும். ஆனால் ஒருவர் பேருந்தின் அடியில் படுக்க வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியின் அடியில் யாரையும் அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. ஆகவே சரிவுகளில் ஆக்சில் உருவுவதையே விரும்புகிறேன்.

ஆக்சில் உருவுவது வெளியிலிருந்தே செய்யக்கூடிய வேலை. ஹப்பின் முகத்தில் வட்டமாக உள்ள நட்டுகளைக் கழற்றியபின் ஷாஃப்ட் உடனே வந்துவிடாது. ஸ்டட்டுகளைச் சுற்றிக் கூம்பு வடிவக் கோன்கள் இறுகப் பிடித்திருக்கும். ஃபிளாஞ்சின் நடுவில் பித்தளைச் சுத்தியலால் ஓங்கி இரண்டு மூன்று அடி கொடுத்தால் கோன்கள் அதிர்ந்து வெளியே தெறிக்கும். அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஒன்று தொலைந்தாலும் திரும்ப மாட்டும்போது ஃபிளாஞ்சு ஆடும். ஷாஃப்ட்டை உருவும்போது ஹவுசிங்கிலிருந்து கருப்பாகக் கெட்டியான ஆயில் வழியும். அடியில் தகரம் வைத்துப் பிடித்துக்கொண்டு, திறந்த வாயைச் சுத்தமான பாலிதீன் தாளாலும் தகட்டாலும் மூடி இரண்டு நட்டுகளால் இறுக்கிவிட்டால் ஆயிலும் மிஞ்சும், மண்ணும் உள்ளே போகாது. ஷாஃப்ட் இல்லாத பேருந்தை எந்தக் கியரில் போட்டாலும் நிற்காது என்பதால், கட்டை வைக்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

மூன்றாவது ஸ்டீயரிங். சாவியால் பூட்டிக்கொள்ளும் வகையென்றால் சாவி திருப்பிய நிலையிலேயே இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாத பேருந்தில் பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். பலமுள்ள, அந்த வகைப் பேருந்தை ஓட்டிப் பழகிய ஓட்டுநர்தான் உள்ளே உட்கார வேண்டும்.

கட்டும் முறை

சேற்றிலிருந்து வெளியே எடுக்க வயர் பொருந்தும். சாலையில் இழுத்துச் செல்வதற்கு வயரைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வயர் இழுக்கும், தடுக்காது. லாரி பிரேக் போட்டால் பேருந்து லாரியின் முதுகில் வந்து இடிக்கும். இரும்பு டோ பார் இரண்டு பக்கமும் விசையைக் கடத்துகிறது. அதை பேருந்தின் முன்புறச் சேஸிஸில் உள்ள டோ பின்னில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலும், ஸ்பிரிங் பிராக்கெட்டிலும், டை ராடிலும் மாட்டக் கூடாது. பின் தொலைந்துபோய் அங்கே ஸ்பேனரையோ கம்பியையோ செருகியிருப்பார்கள். அதை எடுத்தெறிந்துவிட்டுச் சரியான பின்னும் பூட்டுக் கம்பியும் போட வேண்டும்.

பேருந்தின் முன்புறத்தைத் தூக்கிக் கொண்டுபோகும்போது லாரியின் முன்பக்கம் இலகுவாகிவிடுகிறது. பின் ஆக்சிலுக்கு இரண்டு மீட்டர் பின்னால் 3 டன்னைத் தூக்கினால், நான்கு மீட்டர் வீல்பேஸ் உள்ள லாரியின் முன் ஆக்சிலிலிருந்து ஒன்றரை டன் குறைந்துவிடும். ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். முன் பம்பருக்கு மேல் எடை ஏற்றுவது இதற்காகத்தான். ஏர் சஸ்பென்ஷன் உள்ள ஆம்னி பேருந்துகளில் காற்று இறங்கியவுடன் உடல் தாழ்ந்து முன் தாடை தரையைத் தொடும் நிலைக்கு வரும். அவற்றைத் தூக்கும் இடம் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு என்பதால், நிறுவனத்தின் கையேட்டைப் பார்க்காமல் கைவைக்க வேண்டாம்.

இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, முன்சக்கரம் தூக்கப்படாத வண்டியில் உரிமம் உள்ள ஓட்டுநர் இருக்க வேண்டும், மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின்னால் வருவோருக்குத் தெரியும்படி இழுத்துச் செல்லப்படுவதை வெள்ளைப் பலகையில் கருப்பெழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகள் வகுத்தன. கணவாயில் 15க்கு மேல் எனக்குத் துணிச்சல் வருவதில்லை.

தொப்பூரில் இறக்குவது

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் பாதையில் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியபின் சாலை தொடர்ந்து இறங்குகிறது. இரட்டைப் பாலத்தின் அருகே எத்தனையோ லாரிகள் நியூட்ரலில் வந்து பிரேக் சூடேறிக் கட்டுப்பாடு இழந்திருக்கின்றன. அந்த இறக்கத்தின் நடுவே நிற்கும் பேருந்தை மேலே தருமபுரிக்குத் திருப்பிக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். பிரிக்கப்பட்ட நான்கு வழிச் சாலையில் எதிர்த்திசையில் ஏறுவது முடியாத காரியம். கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். பேருந்தின் கால் பிரேக் உயிரோடு இல்லையென்றால் டோ பாரில் இறக்காமல், முன்புறத்தைத் தூக்கிக் கட்டி, லாரியில் முழு எடையும் ஏற்றிய பின்பே இறக்க வேண்டும். அதற்குரிய வண்டி வரும்வரை காத்திருப்பதில் தவறில்லை. உரிமையாளர் அவசரப்படுத்தினாலும் காத்திருக்கலாம்.

புறப்படும் முன்பே சமதளத்தில் நூறு மீட்டர் உருட்டி, லாரியின் பிரேக்கையும் பேருந்தின் பிரேக்கையும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். நடுச்சரிவில் நிற்கும் பேருந்தென்றால், கட்டையை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்து அந்த ஒரு அடிக்குள் சோதித்துக்கொள்ளலாம். இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர். இடையில் கியர் மாற்றக் கூடாது. எஞ்சின் பிடிப்பும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேகத்தை அடக்க, கால் பிரேக்கை விட்டுவிட்டுத் தொட வேண்டும்; தொடர்ந்து மிதித்தபடியே இருந்தால் டிரம் சூடேறி லைனர் பிடிப்பை இழக்கும். பேருந்தில் இருப்பவர் தாமாகப் பிரேக் போடாமல் லாரியிலிருந்து வரும் குறிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். குறிப்புக்கு நம் நடத்துநர்களின் விசிலே போதும். ஒரு விசில் என்றால் ஹோல்டான், இரண்டு என்றால் ரைட். செல்பேசியில் பேசிக்கொள்வது வேண்டாம், கணவாயில் அது துண்டிக்கும் நேரம்தான் தேவைப்படும் நேரம்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையிலும் வத்தல்மலைச் சாலையிலும் சிக்கல் வேறு வகையானது. லாரி, பார், பேருந்து மூன்றும் சேர்ந்தால் இருபது மீட்டருக்கு மேல் நீளம். கொண்டை ஊசி வளைவில் பேருந்தின் பின் சக்கரம் லாரி போன தடத்தைவிட வெகுவாக உட்புறம் வெட்டும். வளைவின் இரு முனையிலும் ஆள் நிறுத்தி எதிர் வண்டிகளை முழுதாக நிறுத்திய பின்பே நுழைய வேண்டும். அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் உள்ளதால் பொழுது சாயும் முன் வேலையை முடித்துவிட வேண்டும். முடியாதென்று தெரிந்தால் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக் காலையில் வரலாம்.

பணிமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் பாரைக் கழற்றுவதற்கு முன் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். அதன் பின் பார், கடைசியாகக் காற்று ஓஸ் என்ற வரிசையில் கழற்ற வேண்டும். முதலில் ஓஸைப் பிடுங்கினால் பேருந்து பிடித்துக்கொண்டு பாரில் விசை தேங்கி, பின்னை அடித்து எடுக்க வேண்டிவரும். ஆக்சில் ஷாஃப்ட்டுகளையும் கோன் டப்பாவையும் பேருந்தின் உள்ளேயே வைத்து மெக்கானிக்கிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது புதிய பேக்கிங் போட்டு, வழிந்த அளவுக்கு ஹவுசிங்கில் ஆயில் நிரப்பச் சொல்ல வேண்டும். சேம்பர் போல்ட்டைத் திருகியிருந்தால் அதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் தொங்கவிட வேண்டும். பழுது சரியானதும் அடுத்த ஓட்டுநர் கைப்பிரேக்கை நம்பி வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகக்கூடும்.